உட்காருகிற வரைக்கும்

ஜெலாப்பாங், ஈப்போ
10 மார்ச் 1974

அன்பு மச்சான் அப்பாவு அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் பத்துமலை எழுதுவது. இங்கே நாங்களும் பிள்ளைகளும் சுகம். மழையும் சுகம், இந்தக் கம்பத்துக் குடியிருப்பை விட்டுப் போக மனமில்லாமல் ஒரு வாரமாக எங்களோடுதான் தங்கியிருக்கிறது. அங்கே நீங்களும் தங்கச்சி நவமணியும் குழந்தையும் நல்லபடியாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தோட்டத்தில் இருந்தபோது உங்களை வாடா போடா என்று கூப்பிட்டவன் நான். இப்போது சிங்கப்பூர்த் துறைமுக ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு நீங்கள், உங்கள் என்று எழுதுகிறேன். பேனாவுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. போகப் போகப் பழகிவிடும்.

புது அடுக்குமாடி வீடு கிடைத்த செய்தியை உங்கள் அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எட்டாவது மாடிக்குத் தண்ணீர் எப்படி ஏறும் என்று கேட்டாள். குழாயில் ஏறும் என்றேன். நம்பவில்லை. அடுத்த தை மாதம் பால் காய்ச்சப் போகிறோம், அக்காதான் வந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அப்புறம் அரிசி களையப் போய்விட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்கா மலாய் மொழிப் பரீட்சையில் தோற்றுவிட்டாள்.

பதற வேண்டாம். வருசக் கடைசியில் இன்னொரு தரம் வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி இருந்ததால்தான் நான் இன்று பேனாவைப் பிடித்திருக்கிறேன். இல்லாவிட்டால் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

நீங்களும் நானும் இங்கேயே பிறந்தவர்கள். நமக்குக் கார்டு பற்றிக் கவலை இருந்ததில்லை. உங்கள் அக்கா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள். அதனால் இன்னமும் சிவப்புக் கார்டுதான். வேலைக்குப் பெர்மிட் வாங்கி வாங்கி இதுவரை ஓட்டிவிட்டோம். இப்போது ரப்பர் பாக்டரியில், பிரஜாவுரிமை கிடைத்தால்தான் அடுத்த வருசம் வேலை என்று சொல்லிவிட்டார்கள். நாள் முழுக்க நின்றபடி ரப்பர் சீட்டில் இருக்கும் அழுக்கைக் கத்தரித்து எடுக்கிற வேலை. அதற்கும் பிரஜைகளுக்குக் கொடுக்கிற நீலக் கார்டு வேண்டுமாம். அது இல்லாமல் பாஸ்போர்ட்டும் கிடையாது, உங்கள் வீட்டுப் பாலும் கிடையாது. அந்தக் கார்டு வேண்டுமென்றால் ஓர் அதிகாரி முன்னால் மலாய் பேசிக் காட்ட வேண்டும்.

எனக்கு விளங்காதது இதுதான். உங்கள் அக்காவுக்கா மலாய் தெரியாது? பசாரில் அவள் மீன்காரரிடம் பேரம் பேசுவதைக் கேட்டால் மீனே தன் விலையைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவும் இவளும் வேலி ஓரம் பேச ஆரம்பித்தால் என் சோறு ஆறிப்போகும். லோரி ஓட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய் கல்மலைக்கும் ஈப்போவுக்கும் அலைகிற எனக்கு அவள் மலாயில் பாதி வராது.

பரீட்சை அன்று நான்தான் கூட்டிப் போனேன். அதிகாரி அறைக்கு அரைக் கதவு. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. கதவுக்குக் கீழே அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. இரண்டு காலும் ஒட்டி, ஆடாமல் அசையாமல் நின்றன. பரவாயில்லை, நடுக்கமில்லை, என்று நினைத்துக்கொண்டேன். போன சுருக்கில் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். என்ன கேட்டார் என்றேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, மரியாதையான மனுசர், நானும் மரியாதையாக நடந்துகொண்டேன், சீக்கிரமே அனுப்பிவிட்டார் என்றாள். வேலை முடிந்தது என்று நான் அவளை மீரா சாஹிப் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய் ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் கடிதம் வந்தது. மொழி விளங்கவில்லை என்று போட்டிருந்தார்கள். அவள் அழவில்லை. கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அதே நாளில் நம் கிராணியம்மாவும் பரீட்சைக்கு வந்திருந்தார். கோப்பெங் தோட்டத்து ஆபீசில் கணக்கெல்லாம் பார்த்த கிராணியின் சம்சாரம், நல்லம்மாள் அம்மாள்தான். கிராணி காலமானபின், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அவரும் ஈப்போ வந்துவிட்டார். இந்தியாவில் பிறந்ததால் அவருக்கும் சிவப்புக் கார்டு. பேர் கேட்டால் ஊர் சொல்கிற மலாய் அவருடையது. அவர் பாஸ். உங்கள் அக்கா பெயில். இந்தக் கணக்கை எனக்கு யாராவது விளக்கினால் தேவலை.

மீரா சாஹிப் மகள், நம் ஃபரீதா டீச்சர் பிள்ளை, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு மலாய் வகுப்பு நடத்துகிறதாம். உங்கள் அக்காவைச் சேர்த்துவிடப் போகிறேன். இந்த வயதில் சிலேட்டுத் தூக்கவா என்கிறாள். நீங்கள் அவளுக்கு எழுதும்போது தோற்றதைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். பால் அவளுக்காகக் காத்திருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு
என்றும் உங்கள் நலம் விரும்பும்
பத்துமலை

*

ஜெலாப்பாங், ஈப்போ
16 ஜூன் 1974

அன்பு மச்சான் அப்பாவு அவர்களுக்கு,

பத்துமலை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மகள் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து ஒரு பிளாஸ்டிக் வாளி கொண்டுவந்தாள். அதில் யாரும் கைவைக்கக் கூடாதாம். நீங்கள் அனுப்பிய குழந்தையின் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நல்ல மூச்சோடு எழுதுகிறேன். உங்கள் அக்கா ஏன் தோற்றாள் என்பது தெரிந்துவிட்டது. விவரமாகச் சொன்னால்தான் விளங்கும், பொறுமையாகப் படியுங்கள்.

வகுப்பில் முதலில் நம் கம்பத்துப் பெண்கள் நிறையப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். நம் தோட்டத்து ராக்காயி, வீரம்மா எல்லோரும்தான். நானும் உங்கள் அக்காவை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பள்ளிக்கூட வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றிருப்பேன். முன் வரிசை நாற்காலியில் கிராணியம்மா. பாஸ் பண்ணியும் ஏன் வருகிறார் என்கிறீர்களா? பேப்பர் படிக்கிற அளவுக்குக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். வீட்டில் பேச ஆளில்லை என்பது என் ஊகம். அவருக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் சம்சாரம், அடுத்து ஒரு பெரிய குமாஸ்தாவின் தாயார். நம் ஆட்கள் எங்கே? நாற்காலி எல்லாம் காலியாகக் கிடக்க, பின்னால் சுவரை ஒட்டித் தரையில். டீச்சர் எவ்வளவோ சொல்லியும் சும்மா சிரித்தார்களே தவிர ஒருத்தியும் எழுந்து வரவில்லை.

தரையில் இருந்தால் கரும்பலகை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒவ்வொருத்தியாக வகுப்புக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் ஃபரீதா கம்பத்துக்கே வந்து வீடு வீடாகக் கேட்டது. ஒருத்தி அடுப்பு வேலை என்றாள், ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள், ஒருத்தி ராத்திரி சிப்டு என்றாள். மேலிடத்தில் இருந்து, கூலி ஜனத்துக்குப் படிப்பில் ஆசை கிடையாது, ஆள் வராவிட்டால் வகுப்பை மூடிவிடு என்று சொல்கிறார்களாம். எங்கள் வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்லும்போது அதன் குரல் கம்மிப்போனது. உங்கள் அக்கா மட்டும் விடாமல் போனாள், தரையிலேயே இருந்து. தை மாதத்துப் பாலை நினைத்துக்கொண்டு போனாள்.

போன மாதம் டீச்சர் ஒரு யோசனை செய்தது. தான் அதிகாரி மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருத்தராக வரச்சொல்லிக் கேள்வி கேட்டது. கிராணியம்மா போனார். டீச்சர் வாயைத் திறக்குமுன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டார். அடுத்து உங்கள் அக்கா. சிலா டுடோக் என்றது டீச்சர். உட்காருங்கள் என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். இவள் கையைக் கட்டித் தலையைக் குனிந்து நின்றாள். டீச்சர் மறுபடி சொன்னது. இவள் ஓர் அடி பின்னால் போனாள். இன்னொரு தரம் சொன்னது. இவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அக்கா, அந்த ஆபீசிலும் இப்படித்தான் நின்றீர்களா என்று கேட்டது. ஆமாம் என்றாள். அவர் உட்காரச் சொன்னாரா? திரும்பத் திரும்பச் சொன்னாராம். அப்புறம்? பைலை மூடிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினாராம்.

டீச்சர் நெற்றியில் கைவைத்துக்கொண்டது. உட்காரச் சொன்னதுகூட விளங்காத பொம்பளை என்று அந்த மனுசர் எழுதிவிட்டார். அவர்மேல் என்ன குற்றம்? அவர் என்ன கண்டார்?

உங்கள் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மச்சான். "அவரு மரியாதைக்குச் சொன்னாரு டீச்சர், நான் மரியாதைக்கு நின்னேன். அதான் பரீட்சைன்னு நெனச்சேன்லா."

உட்காருகிறாளா நிற்கிறாளா என்று பார்ப்பதுதான் பரீட்சையே என்று நினைத்திருக்கிறாள். நன்றாக நின்றுவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்றுதான் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நானும் அதற்கு ரொட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஏன் அப்படி நினைத்தாள் என்று டீச்சர் கேட்டபோதுதான் அவள் உங்கள் அப்பாவின் கதையைச் சொன்னாள். உங்களுக்கு இது தெரிந்திருக்காது, நீங்கள் அப்போது இடுப்புக் குழந்தை. எனக்கே முழுசாக அன்றுதான் தெரிந்தது. ஜப்பான்காரன் போன புதிதில், லயத்து வரிசை வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று சொல்ல மாமா கிராணி ஆபீசுக்குப் போயிருக்கிறார். கூடவே இவளும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு. கிராணி அன்று நல்ல குஷியில் இருந்தாராம். உக்காருய்யா என்று நாற்காலியைக் காட்டியிருக்கிறார். மாமாவும் உட்கார்ந்துவிட்டார். கூரையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மறுநாள் காலை பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, ரோட்டோரச் சமவெளியில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்தவரை மலைக்காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அட்டையும் வழுக்கலுமான காடு. மரத்தில் பாலும் சரியாக வராது. "கிராணி சொன்னா உக்காந்துருவியாடா" என்று வேலை வாங்குகிற தண்டல் எல்லார் முன்னாலும் கேட்டானாம். அதற்குப் பிறகு மாமா சாகும்வரை அந்தக் காட்டில்தான் ஏறி இறங்கினார். எங்கள் கல்யாணத்தில்கூட அவர் பெஞ்சில் உட்காராமல் வாசற்படியில் இருந்தது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது.

அந்தக் கிராணியின் சம்சாரம் முன் வரிசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இவள் அதை யோசிக்காமலே சொல்லி முடித்துவிட்டாள். கிராணியம்மா எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தொலைந்தோம் என்று உங்கள் அக்கா வீடு வரும்வரை என் முதுகில் புலம்பிக்கொண்டே வந்தாள். நானும் கிராணியம்மா எதிரே பட்டுவிடக் கூடாதென்று சுற்று வழியில்தான் வண்டியை ஓட்டினேன். அந்தக் கிராணி செத்து எத்தனையோ வருசமாகிறது, அந்தத் தோட்டமே இப்போது இல்லை, இருந்தாலும் சுற்றித்தான் போனேன்.

அடுத்த வகுப்புக்குக் கிராணியம்மா வந்தார். வந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை. டீச்சர் உட்காரச் சொன்னது. இருளாயி முதலில் உட்காரட்டும் என்று உங்கள் அக்காவைக் காட்டினார். இவள் பதறிப்போய் எழுந்து, அம்மா நீங்க இருங்கம்மா என்று கையைப் பிசைந்தாள். அப்போது அந்த அம்மா சொன்னது இது: "அவரு சொன்னத நம்பித்தானே உங்கப்பா உக்காந்தாரு. உன்ன உக்காருன்னு சொல்ல எனக்கு ஏது வாய்? நீ உக்காந்தா நான் உக்காருவேன். இல்லாட்டி ரெண்டு பேரும் நிப்போம்."

நின்றார்கள், மச்சான். டீச்சர் பாடத்தைத் தொடங்கிவிட்டது, இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கிராணியம்மாவுக்கு முட்டிவலி. படியேறவே சுவரைப் பிடித்துத்தான் ஏறுவார். கொஞ்ச நேரத்தில் அவர் கால் நடுங்குவது ஜன்னலில் இருந்த எனக்கே தெரிந்தது. உங்கள் அக்கா அந்தக் காலையே பார்த்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் பக்கத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நாற்காலி பாதிதான் அவளைத் தாங்கியது, மீதியை அவள் காலே தாங்கியது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். கிராணியம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் என்ன போட்டிருக்குது, எனக்குக் கண்ணாடி இல்ல, வாசி என்று புத்தகத்தை நீட்டினார். அவருக்குக் கண்ணாடி பையில் இருந்தது. நான் பார்த்தேன்.

இது கம்பத்தில் பரவ எத்தனை நேரம் ஆகும்? ராக்காயி மறுநாளே வந்துவிட்டாள், கிராணியம்மா உட்கார்கிற வரிசையில் உட்கார்ந்து பார்க்க. வீரம்மா அவள் மாமியாரையும் கூட்டிவந்தாள். இப்போது நாற்காலி பற்றவில்லை, பக்கத்து வகுப்பில் இருந்து பெஞ்சு இழுக்கிறார்கள். மூடச் சொன்னவர்கள் வந்து தலையை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். டீச்சர் பிள்ளை முகத்தில் இப்போதுதான் ரத்தம் ஓடுகிறது.

வீட்டில் ஒத்திகை நடக்கிறது. நான் அதிகாரி. ஒரு நாற்காலி இரவல் வாங்கி வந்தேன், கைலியோடு மேசைக்குப் பின்னால் நிற்கிறேன், அவள் உட்கார வேண்டும். நான் செருமினால் எழுந்துவிடுகிறாள். சிரிக்காதீர்கள், நான் போதுமான அளவு சிரித்துவிட்டேன். பரீட்சை நவம்பரில். நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்
பத்துமலை

*

ஜெலாப்பாங், ஈப்போ
1 டிசம்பர் 1974

அன்பு மச்சான் அப்பாவு அவர்களுக்கு,

பாஸ்.

இதை முதலில் எழுதாமல் சுகமா என்று கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். நேற்றுக் கடிதம் வந்துவிட்டது. நீலக் கார்டுக்கு எந்தத் தேதியில் வரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். பாக்டரியில் காட்டியாயிற்று, அடுத்த வருசமும் வேலை உண்டு என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு நேற்று ராத்திரிதான் ஒழுங்கான தூக்கம். இப்போது கேட்கிறேன், எல்லோரும் சுகம்தானே?

பரீட்சை அன்று கிராணியம்மாவும் எங்களோடு புறப்பட்டுவிட்டார். உங்களுக்கு எதற்கம்மா அலைச்சல் என்றேன். பாஸ் பண்ணினவள் கூட இருந்தால் ராசி என்றார். லோரியின் முன் சீட்டில் ஏற்ற நான் ஒரு முக்காலி கொண்டுபோனேன். வழி நெடுக உங்கள் அக்காவிடம் மலாயில் பேசிக்கொண்டு வந்தார். அது மலாய் என்று அவர் சொன்னதால் நம்பினோம்.

ஆபீஸ் நடையில் ஒரு நீளப் பெஞ்சு. கிராணியம்மா உட்கார்ந்து, உங்கள் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "பத்துமலை, நீ யாருக்காக நிக்கிற" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். பெஞ்சில் இடம் கிடக்கிறது, நான் தொப்பியைக் கையில் பிடித்துச் சுவரோரம் நிற்கிறேன். பள்ளிக்கூட வராந்தாவிலும் மாதக் கணக்கில் நின்றுகொண்டுதானே இருந்தேன்? பெஞ்சு அங்கேயும் இருந்தது. நீலக் கார்டு சட்டைப் பையில், ஆள் சுவரோரம். கைலி கட்டி அதிகாரி வேசம் போட்டு அவளைக் கேலி செய்தவன் நான். போய் உட்கார்ந்தேன். உங்கள் அக்கா அந்தப் பதட்டத்திலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவளைக் கூப்பிட்டார்கள். போனாள். அதே அரைக் கதவு, அதே அதிகாரி. கதவுக்குக் கீழே அவள் கால்கள் தெரிந்தன. இரண்டு காலும் ஒட்டி நின்றன. பக்கத்தில் நாற்காலியின் கால்கள். போன தரம் நான் அந்த நாற்காலியைப் பார்த்ததாகவே நினைவில்லை.

அவர் உட்காரச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. கால்கள் அசையவில்லை. கிராணியம்மா என் கையைப் பிடித்தார். ஓடிப்போய்க் கதவைத் திறந்து உட்காருடி என்று கத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் இரண்டாம் தரம் சொன்னார். வலது குதிகால் கொஞ்சம் எழும்பியது, மறுபடியும் தரையில் படிந்தது. எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை, அந்தக் குதிகால்தான் தெரிந்தது.

அப்புறம் நாற்காலியைத் தரையில் இழுக்கிற சத்தம் வந்தது. கால்கள் திரும்பின. பாதங்கள் முன்னால் வந்து, பக்கம் பக்கமாக, தளர்வாகத் தரையில் இருந்தன. உட்கார்ந்துவிட்டாள். நுனியில் இல்லை, நன்றாக. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கிராணியம்மா பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பேச்சைக் கேட்க வேண்டுமே. எங்கே வேலை என்று கேட்டார், ரப்பர் சீட்டு எப்படிக் கத்தரிக்கிறது என்பதுவரை சொன்னாள். பசாரில் சாமான் விலை எப்படி என்று அந்த மனுசர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். மீன் விலையில் தொடங்கி வெங்காயம், தேங்காய் என்று போய், பஸ் நேரத்துக்கு வராதது வரை போய்விட்டாள். அவர் சிரித்துக்கொண்டே போதும் மக்சிக், போதும் என்று பெரியம்மா முறை வைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மொழி விளங்காத பொம்பளையிடம் இருந்து தப்பிக்க அவருக்கு வழி தெரியவில்லை.

வெளியே வந்ததும் எப்படி உட்கார்ந்தாய் என்று கேட்டேன். முதல் தரம் சொன்னபோது அப்பா முகம்தான் வந்தது, கால் கேட்கவில்லை என்றாள். இரண்டாம் தரம்? "நான் நின்னா இந்தம்மா வெளிய எந்திரிச்சு நின்னுருமோன்னு பயந்துட்டேன்" என்றாள். கிராணியம்மா அதற்கு, நின்றிருப்பேன்தான் என்றார்.

மூன்று பேருமாக மீரா சாஹிப் கடைக்குப் போனோம். ஒரே மேசையில் உட்கார்ந்தோம். ஃபரீதா டீச்சர் கடையிலேயே காத்திருந்தது. உங்கள் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது. மீரா சாஹிப் காசு வாங்க மறுத்துவிட்டார். இந்தத் தரம் வாங்கிக் கொடுத்த ரொட்டிக்கு நியாயம் இருக்கிறது என்று நான் சொன்னேன்.

வகுப்புக்கு இனியும் போவாளாம். கிராணியம்மா மாதிரி பேப்பர் படிக்க வேண்டுமாம். நானும் சேரலாம் என்று இருக்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் இரவல் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதியாயிற்று. தை பிறந்ததும் புறப்படுகிறோம். ரயில்தான். இப்போதே உங்களுக்கு ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறாள், எட்டாவது மாடிக்குத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறாள். தங்கச்சி நவமணி எங்களுக்காகத் தனியாக ஒன்றும் சமைத்துச் சிரமப்பட வேண்டாம்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பாஸ்போர்ட் கேட்காத அந்தக் காலத்தில் உங்கள் கல்யாணத்துக்கு அங்கே வந்திருந்தபோது, மாப்பிள்ளையின் அக்கா எங்கே என்று தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் தேடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற பெண்களோடு தரையில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கூடத்தில் நாற்காலிகள் இருந்தன. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, யாரும் வரச் சொல்லவும் இல்லை. அதை அவள் இதுவரை ஒரு குறையாகச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

புது வீட்டில் நல்ல சோபா வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். சந்தோசம். பால் காய்ச்சுகிற அன்று நவமணி வீட்டுப் பெரிய மனிதர்கள், உங்கள் ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் வந்திருப்பார்கள். உங்கள் அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அங்கேயே தரையில் இருந்துவிடுவாள். நீங்கள் போய்க் கூப்பிடுங்கள். கூடத்துக்குக் கூட்டிவந்து உட்காரச் சொல்லுங்கள். ஒரு தரம் சொன்னால் சிரிப்பாள். இரண்டாம் தரம் சொன்னால் பரவாயில்லை என்பாள். விடாதீர்கள்.

அவள் உட்காருகிற வரைக்கும் நீங்களும் நில்லுங்கள், மச்சான்.

புது வீட்டில் பாலும் சந்தோசமும் பொங்கி, குழந்தை குட்டியோடு நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு
உங்கள் அக்காவையும் உங்களையும் ஒன்றாகப் பார்க்கக் காத்திருக்கும்
பத்துமலை